டைஜஸ்டருக்கு மாடல் போடுவதற்கு முன்

கழிவுநீர்க் கசட்டைச் செரிக்கும் டைஜஸ்டருக்குக் கணித மாதிரி உருவாக்க வேண்டும், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த மாதிரியை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் மென்பொருள் வாங்கினால், ஆறு மாதம் கழித்து அழகான வரைபடங்கள் கிடைக்கும். நிலையத்தில் எதுவும் மாறியிருக்காது.

பெரும்பாலும் கேள்வி மூன்றில் ஒன்றாக இருக்கும். எவ்வளவு எரிவாயு வரும், எந்த அளவில் கேஸ் இன்ஜின் வாங்கலாம் என்பது முதல் வகை. இருக்கிற தொட்டி போதுமா, இன்னொன்று கட்ட வேண்டுமா என்பது இரண்டாவது. ஓட்டல் எண்ணெய்க் கழிவையோ காய்கறிக் கழிவையோ கூடச் சேர்த்தால் டைஜஸ்டர் அமிலமாகிப் படுத்துவிடுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். இரண்டாவதற்கு இரண்டே எண்கள் நம்பகமாகத் தெரிய வேண்டும். நாளுக்கு நாள் மாறும் நிலையைப் பின்தொடரும் மாதிரி மூன்றாவதற்குத்தான் தேவை. தேவைக்கு மேல் பெரிய மாதிரியை எடுப்பவர்கள், அளந்து தெரிந்துகொள்ள வேண்டியதை ஊகித்து நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்கின.

எந்தச் சமன்பாடும் எழுதுவதற்கு முன் சிஓடியின், அதாவது வேதி ஆக்சிஜன் தேவையின், வரவு செலவுக் கணக்கைப் போடுங்கள். டைஜஸ்டருக்குள் ஆக்சிஜன் போவதில்லை. ஆகவே கசட்டோடு உள்ளே போன சிஓடி முழுவதும் ஒன்று வெளியேறும் கசட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மீத்தேனாகப் போயிருக்க வேண்டும். ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன். இது 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள அளவு. இந்தக் கணக்கில் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய மாறிலி எதுவும் கிடையாது. அதனால்தான் இதை முதலில் போடச் சொல்கிறேன். உங்கள் அளவீடு தவறாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு தொட்டியை வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 4,000 கன மீட்டர். நாளுக்கு 200 கன மீட்டர் கசடு போகிறது, ஆகவே தங்கும் காலம் 20 நாள். கசட்டில் திடப்பொருள் 4%, அதில் எரிந்துபோகும் கரிமப் பகுதி, அதாவது விஎஸ், 65%. கணக்கிட்டால் நாளுக்கு 5,200 கிலோ விஎஸ். ஒரு கிலோ விஎஸ்ஸுக்கு 1.5 கிலோ சிஓடி என்று எடுத்தால் 7,800 கிலோ சிஓடி. (இந்த 1.5 என்ற எண்ணை அளந்துதான் போட வேண்டும். நுண்ணுயிர்க் கசட்டுக்கு அது 1.42-ஐ ஒட்டி இருக்கும். கொழுப்பு மிகுந்த முதல்நிலைக் கசட்டுக்கு அதைவிடக் கூடும்.) இதில் 48% சிதைகிறது என்றால் 3,744 கிலோ, அதாவது 1,310 கன மீட்டர் மீத்தேன். வாயுவில் மீத்தேன் 63% என்றால் மொத்த எரிவாயு 2,080 கன மீட்டர். அழிந்த விஎஸ் ஒரு கிலோவுக்கு 0.83 கன மீட்டர் வருகிறது. பாடநூல்கள் தரும் 0.75 முதல் 1.12 வரையிலான வரம்புக்குள் இது இருக்கிறது.

இப்போது கேஸ் மீட்டரைப் போய்ப் பாருங்கள். அதில் 2,485 என்று இருக்கலாம். இரண்டு எண்ணும் சரிதான். மீட்டர் வழியாகப் போகும் வாயு 35 டிகிரியில் இருக்கிறது, அந்தச் சூட்டில் விரிவடைந்திருக்கிறது. மேலும் அதில் நீராவி நிறைந்திருக்கிறது. 35 டிகிரியில் அது கன அளவில் ஐந்தரை விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 19 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒரு கன மீட்டர் மீத்தேனில் சுமார் 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் திறன் 36% என்றால் சரியான கணக்கில் தொடர்ச்சியாக 195 கிலோவாட் கிடைக்கும். மீட்டர் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் 235 கிலோவாட் என்று எழுதி, அந்த அளவுக்கு இன்ஜின் வாங்கிவிடுவீர்கள். மீட்டர் தானே வெப்பநிலைத் திருத்தம் செய்கிறதா, ஈரத்தைக் கழிக்கிறதா என்று அதன் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாத மாதிரி எதையும் நான் நம்பமாட்டேன்.

கசட்டுப் பக்கத்து அளவீட்டிலும் கவனம் வேண்டும். ஒரு வாளிக் கசடு எடுத்து அதையே அன்றைய சராசரியாக எழுதக் கூடாது. பம்ப் ஓடத் தொடங்கும்போது வருவதும் நிறுத்தும்போது வருவதும் ஒன்றாக இருப்பதில்லை, கூட்டு மாதிரிதான் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் 105 டிகிரியில் உலர்த்தும்போது ஆவியாகும் அமிலங்களில் ஒரு பகுதி பறந்துவிடும். நன்றாக ஓடும் டைஜஸ்டரில் இது பெரிய பிழை ஆகாது. அமிலம் தேங்கிய டைஜஸ்டரில் ஆகும்.

விஎஸ் அழிவை இரண்டு வழியில் கணக்கிடுங்கள். உள்ளே போன கிலோவிலிருந்து வெளியே வந்த கிலோவைக் கழிப்பது ஒன்று. மற்றது வான் கிளீக் சூத்திரம்: உள்ளே வெளியே உள்ள விஎஸ் பின்னங்களின் வேறுபாட்டை, உள்ளே உள்ள பின்னத்திலிருந்து இரண்டின் பெருக்குத்தொகையைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உள்ளே 0.65, வெளியே 0.491, விடை 48%. இந்தச் சூத்திரம் எரியாத கனிமப் பகுதி முழுவதும் தொட்டியை விட்டு வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்கிறது. மணல் அடியில் தங்கினால் இரண்டு விடைகளும் விலகிப்போகும். அந்த விலகலைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொட்டிக்குள் எவ்வளவு மணல் சேர்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லும் எண் அது. கிலோக் கணக்கு, வான் கிளீக், எரிவாயுக் கணக்கு ஆகிய மூன்றும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துவந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்த படி, நீராற்பகுப்பு. திடக் கசடு கரைந்து நுண்ணுயிர்கள் உண்ணக்கூடிய பொருளாக மாறும் இந்தக் கட்டம்தான் சாதாரண நிலையில் எல்லாவற்றையும்விட மெதுவானது. முழுமையாகக் கலக்கப்படும் தொட்டிக்கு, முதல்படி வேகத்தை வைத்துக்கொண்டால், கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடும்: சிதைவு = சிதையக்கூடிய பங்கு × (வீதம் × நாள்) ÷ (1 + வீதம் × நாள்). சிதையக்கூடிய பங்கு 0.6, வீதம் நாளுக்கு 0.2, தங்கும் காலம் 20 நாள் என்றால் 0.6 × 4 ÷ 5, அதாவது 0.48. நாம் அளந்த அதே எண்.

இங்கேதான் மாணவர்கள் பலரும் அளவுக்கு மீறி மகிழ்ந்துவிடுகிறார்கள். மாதிரி பொருந்திவிட்டது என்று எழுதி, அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். பங்கு 0.56, வீதம் 0.3 என்று போட்டுப் பாருங்கள்: 0.48. பங்கு 0.72, வீதம் 0.1: அதுவும் 0.48. மூன்று ஜோடிகளும் உங்கள் அளவீட்டோடு ஒரேபோலப் பொருந்துகின்றன. இப்போது இன்னொரு தொட்டி கட்டித் தங்கும் காலத்தை 30 நாளாக்கலாமா என்று கேளுங்கள். முதல் ஜோடி 51.4% என்கிறது, இரண்டாவது 50.4%, மூன்றாவது 54%. ஊர் வளர்ந்து கசடு இரட்டிப்பாகித் தங்கும் காலம் 10 நாளாகக் குறைந்தால் முறையே 40, 42, 36. கோடிக்கணக்கில் செலவாகும் ஒரு முடிவில் இந்த வித்தியாசங்கள் சிறியவை அல்ல. ஒரே தங்கும் காலத்தில் எடுத்த தரவு எத்தனை வருடத்துக்கு இருந்தாலும் பங்கையும் வீதத்தையும் பிரித்துச் சொல்லாது. எந்த மென்பொருளும் இதை மாற்ற முடியாது.

பிரிப்பதற்கு வழி உண்டு. இரண்டு டைஜஸ்டர் இருக்கும் நிலையத்தில் ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் கசடு விட்டு, தங்கும் காலத்தைப் போல் மூன்று மடங்கு நாள் காத்திருந்து அளக்கலாம். அது முடியாத இடத்தில் பிஎம்பி சோதனை: மூடிய குப்பிகளில் கசட்டையும் டைஜஸ்டரிலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கலவையையும் போட்டு, மீத்தேன் வருவது நிற்கும்வரை அளப்பது. கசடு சேர்க்காத குப்பியும், தூய செல்லுலோஸ் சேர்த்த குப்பியும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கிராம் செல்லுலோஸுக்குக் கோட்பாட்டின்படி 415 மில்லிலிட்டர் மீத்தேன். உங்கள் குப்பி அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால் நுண்ணுயிரோ வாயு கசியும் மூடியோ சரியில்லை என்று பொருள், கசட்டுக்கான எண்ணையும் எறிந்துவிட வேண்டியதுதான். பிஎம்பி தரும் சிதையக்கூடிய பங்கை நம்பலாம். அது தரும் வீதத்தை அப்படியே எடுக்காதீர்கள், முழு அளவுத் தொட்டியில் இருப்பதைவிடக் குறைவாக வருவது வழக்கம். பங்கைக் குப்பியிலிருந்தும் வீதத்தைத் தொட்டியிலிருந்தும் எடுப்பதே என் பரிந்துரை.

இந்த ஒருவரிக் கணக்கு சொல்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் இயக்குநர்களைத் தூங்கவிடாமல் செய்வது. தங்கும் காலத்தை 20 நாளிலிருந்து 10 நாளாகப் பாதியாக்கினாலும் எரிவாயு 48-லிருந்து 40-க்குத்தான் இறங்குகிறது, ஆறில் ஒரு பங்கு. மீட்டரைப் பார்த்தால் பெரிய கேடு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உள்ளே அசிட்டிக் அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்களின் நிலை வேறு. கசட்டு மீத்தேனில் ஏறக்குறைய 70% அவை வழியாகத்தான் வருகிறது. அவை மெதுவாகப் பெருகுபவை. வெளியேறும் கசட்டோடு அடித்துச் செல்லப்படும் வேகத்துக்கு அவற்றின் பெருக்கம் ஈடுகொடுக்க வேண்டும்.

எண்களில் பார்ப்போம். உச்சப் பெருக்க வீதம் நாளுக்கு 0.4, இறப்பு 0.02, பாதி வேகம் தரும் அமில அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் சிஓடி. மோனோ சமன்பாட்டின்படி 20 நாளில் தொட்டியில் நிற்கும் அசிட்டேட் 32 மில்லிகிராம், 10 நாளில் 64. கவலையில்லை. அமோனியாவோ வேறொரு நச்சோ பெருக்க வீதத்தைப் பாதியாக்கிவிட்டது என்று வையுங்கள். 20 நாளில் 81, 10 நாளில் 225, 8 நாளில் 395, 6 நாளில் 2,100. ஐந்தரை நாளில் அந்த நுண்ணுயிர்களே தொட்டியில் நிலைக்காது. பத்து நாள்வரை சமாளித்த தொட்டி அடுத்த நான்கைந்து நாள் குறைவில் முற்றிலும் செத்துவிடுகிறது.

தங்கும் காலம் அவ்வளவு குறையுமா என்று கேட்பீர்கள். மணலும் மேலே இறுகிப் படிந்த நுரையும் தொட்டியில் பாதியை அடைத்துக்கொண்டால் தாளில் 20 நாள் இருப்பது உண்மையில் 10. அதன் மேல் கெட்டிப்படுத்தும் தொட்டி சரியாக ஓடாமல் கசடு 4 விழுக்காட்டுக்குப் பதில் 2 விழுக்காட்டில் வந்தால், அதே திடப்பொருளைக் கொண்டுவர இரண்டு மடங்கு நீர் வருகிறது. 10 நாள் 5 நாளாகிறது. ஆகவே டைஜஸ்டருக்கான மாதிரியில் கெட்டிப்படுத்தும் தொட்டியும் இருக்க வேண்டும். உண்மையான பயன் கொள்ளளவை அறிய லித்தியம் குளோரைடைக் கரைத்து ஊற்றி, வெளியேறும் கசட்டில் லித்தியம் குறையும் வேகத்தை அளப்பது நல்ல முறை. அது முடியாவிட்டாலும் வான் கிளீக் விலகலிலிருந்து சேர்ந்த மணலையாவது மதிப்பிடுங்கள்.

மூன்றாம் வகைக் கேள்விக்காரர்களுக்கு இரண்டுபடி மாதிரிகள் போதும் என்பது என் கருத்து. அமிலமாக்கும் கூட்டம் ஒன்று, மீத்தேனாக்கும் கூட்டம் ஒன்று. அமிலம் மிகும்போது மீத்தேன் கூட்டம் தன் உணவாலேயே தடுக்கப்படுவதை ஜான் ஆண்ட்ரூஸ் 1968-இல் சமன்பாட்டில் கொண்டுவந்தார். அந்த வழியில் பிரான்சின் ஒலிவியே பெர்னாரும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட மாதிரியில் ஆறே நிலை மாறிகள். திராட்சை மதுச் சாலைக் கழிவுக்காக எழுதப்பட்டது என்பதால் திடக் கசட்டுக்கு முன்னால் ஒரு நீராற்பகுப்புப் படியைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால், எவ்வளவு எண்ணெய்க் கழிவை எவ்வளவு வேகத்தில் கூட்டலாம் என்ற கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்லும்.

ஏடிஎம்1 என்ற பெரிய மாதிரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சர்வதேச நீர் சங்கத்தின் குழு டேமியன் பேட்ஸ்டோன் தலைமையில் 2002-இல் வெளியிட்டது. ஏழு நுண்ணுயிர்க் கூட்டங்கள், 19 உயிர்வேதிச் செயல்முறைகள், பிஹெச், வாயு பிரிதல் எல்லாம் உண்டு. நான் மேலே தந்த அசிட்டேட் எண்கள் அதன் இயல்பு மாறிலிகள்தான். அதை மதிக்கிறேன். ஆய்வு செய்கிறவர்கள் அதை முழுமையாகக் கற்க வேண்டும். ஆனால் கற்கும்போது மூன்று இடங்களில் இடறுவார்கள்.

ஒன்று, கணினிக் கணக்கு. ஹைட்ரஜனும் பிஹெச்சும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் மாறுகின்றன, நீராற்பகுப்பு நாள் கணக்கில். சாதாரண ரங்கே-குட்டா முறையில் போட்டால் கணினி நகரவே நகராது. மேட்லேபில் ஓடிஇ15எஸ், பைத்தானின் சைபையில் பிடிஎஃப் போன்ற முறைகளைப் பயன்படுத்துங்கள். எழுதிய நிரல் சரியா என்று சரிபார்க்க, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரோசனும் யெப்சனும் வெளியிட்ட நிலைநிறுத்தப்பட்ட எடுத்துக்காட்டு இருக்கிறது: 3,400 கன மீட்டர் திரவம், 300 கன மீட்டர் வாயு, நாளுக்கு 170 கன மீட்டர் கசடு, 35 டிகிரி. உங்கள் நிரலில் பிஹெச் 7.47-ஐ ஒட்டி வரவில்லை என்றால் உங்கள் கசட்டின் எண்களைப் போடாதீர்கள். பிழை நிரலில் இருக்கிறது.

இரண்டு, உள்ளே போகும் கசட்டை மாதிரி எப்படிப் பார்க்கிறது என்பது. முதல் வடிவம் எல்லாவற்றையும் ஒரே கூட்டுப்பொருளாக எடுத்து, பிறகு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று பிரிக்கிறது. இயல்பு எண்களை அப்படியே வைத்தால் நைட்ரஜன் கணக்கு மூடாது. எங்கிருந்தோ அமோனியா முளைக்கும். நேரடியாகவே பிரித்துக் கொடுங்கள். கரிம நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். ஒரு கிராம் கொழுப்பின் சிஓடி சுமார் 2.9 கிராம், செல்லுலோஸ் வகையினுடையது 1.19. விஎஸ், சிஓடி, நைட்ரஜன் மூன்றும் தெரிந்தால் மூன்று பங்குகளையும் கணக்கிட்டுவிடலாம்.

மூன்று, அதில் இல்லாதவை. மூல வடிவத்தில் கந்தகம் இல்லை, பாஸ்பரஸ் இல்லை, வீழ்படிவு இல்லை. கடலோர ஊர்களில் நிலத்தடி உப்புநீர் பாதாளச் சாக்கடைக் குழாய்களில் ஊறிக் கலக்கும்போது சல்பேட் கூடுகிறது. ஒரு கிலோ சல்பேட் 0.67 கிலோ சிஓடியை மீத்தேனிடமிருந்து பிடுங்கி ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. இழந்த வாயுவைவிட அந்த சல்பைடுதான் கேஸ் இன்ஜினைத் தின்கிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் கசட்டு வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். அத்தகைய இடத்துக்கு மாதிரி எழுதுகிறவர் கந்தகம் சேர்த்த வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும். நுரை பொங்குவதை இவற்றில் எதுவும் நம்பகமாக முன்கூட்டிச் சொல்வதில்லை, அதை எதிர்பார்த்துப் பணம் செலவழிக்காதீர்கள்.

வெப்பக் கணக்கில் நமக்கு ஒரு நிம்மதி. ஐரோப்பியப் பாடநூல்கள் அதற்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குவது அவர்கள் குளிர்காலத்துக்காக. நம் எடுத்துக்காட்டின் 200 கன மீட்டரை 12 டிகிரியிலிருந்து 35-க்கு ஏற்ற நாளுக்கு 5,300 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும். சென்னைபோல 29 டிகிரியில் வந்தால் 1,400 போதும், இன்ஜினின் கழிவு வெப்பமே மிஞ்சும். சூடாக்காமலே ஓட்டுவீர்களானால் 35 டிகிரிக்கான மாறிலிகளை எடுத்துப் போடாதீர்கள், உங்கள் தொட்டியின் வெப்பநிலையில் வீதத்தைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள்.

கடைசியாக, சரிபார்ப்பு. மாறிலிகளைப் பொருத்த எடுத்துக்கொண்ட மாதங்களை வைத்தே மாதிரி சரி என்று காட்டுவது கணக்கில் சேராது. அதில் பயன்படுத்தாத காலத்தை எடுங்கள். கசட்டின் கெட்டித்தன்மை குறைந்த மழை மாதங்களோ, பம்ப் பழுதாகி இரண்டு நாள் கசடு போகாத வாரமோ இருந்தால் மிகவும் நல்லது. மாதிரி எரிவாயுவை மட்டும் சரியாகச் சொன்னால் போதாது. ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் எந்தப் பக்கம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விகிதம் 0.3-ஐத் தாண்டினால் ஆபத்து என்பார்கள். எனக்கு 0.1-லிருந்து 0.2-க்கு ஏறும் வாரமே போதும் கவலைப்பட. மீட்டரோ பிஹெச்சோ எதுவும் சொல்லாத நேரத்தில் அது சொல்கிறது. வாரம் மூன்று முறையாவது அளக்க ஆய்வகத்துக்கு ஆள் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். மென்பொருள் உரிமத்துக்குக் கேட்கும் பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும். தொட்டியைத் திறந்து மணல் வாரிய பிறகு கொள்ளளவு மாறிவிடும், அன்றே பழைய மாறிலிகளைக் கைவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். மாறிலிகளை எந்தத் தேதியில், எந்த மாதத் தரவில், எந்தக் கொள்ளளவை வைத்துப் பெற்றீர்கள் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்து வரும் பொறியாளர் அதைத்தான் முதலில் தேடுவார்.